நிணநீர், நெறி, கை கால் வீக்கம்: மும்பையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வீங்கிய கைக்கும் காலுக்கும் கட்டுப் போடுவதுதான் என் வேலையில் முக்கால்வாசி. எனக்குத் தமிழ் தெரியும் என்று கேள்விப்பட்டால் போதும். தாராவி, ஆன்டாப் ஹில், மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் என்னிடம் கேட்டுவிடுவார்கள். ஊர்தான் வேறு வேறு, சந்தேகம் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, பதிலும் சொல்லியிருக்கிறேன். உங்கள் கழுத்தில் இருப்பது என்ன கட்டி என்று இதைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிணநீர்னா என்ன மேடம்? ரத்தமா, தண்ணியா?

ரத்தத்திலிருந்து வந்த தண்ணீர். மிக மெல்லிய ரத்தத் தந்துகிகளின் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். அப்படிக் கசிந்தால்தான் செல்களுக்குச் சத்து போய்ச் சேரும். கசிந்ததெல்லாம் வந்த வழியே திரும்பிவிடுவதில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் வரை, மெல்லிய வேறொரு குழாய் வலை அள்ளிக்கொண்டு போய் ரத்தத்தில் சேர்க்கிறது. அந்தக் குழாய்க்குள் புகுந்த பிறகு அதற்குப் பெயர் நிணநீர். வெளிறிய மஞ்சளாக இருக்கும். சிவப்பணு இருக்காது, வெள்ளையணுக்கள் இருக்கும்.

தண்ணீரைவிட முக்கியமானது, அதோடு கசியும் புரதம். ரத்தத்தில் உள்ள புரதத்தில் கால்பங்கிலிருந்து பாதி வரை ஒரே நாளில் இப்படி வெளியே போய், நிணநீர் வழியாகத்தான் திரும்பி வருகிறது. திரும்பாமல் வெளியிலேயே தங்கினால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தத் திரும்பும் வழி முழுவதும் நின்றுபோனால் ஒரு நாள் தாக்குப்பிடிப்பதே கடினம் என்று உடலியங்கியல் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. புரதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வீக்கத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு. இதை யாரு தள்ளுறா?

தவளைக்கு நிணநீரைத் தள்ளவே தனி இதயங்கள் உண்டு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் நிணக்குழாய்கள் ஒரு முனை மூடியபடி திசுக்களுக்குள் தொடங்குகின்றன. தொடக்கத்தில் சுவரிலுள்ள செல்கள் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் படிந்தமாதிரி இருக்கும். வெளியே தண்ணீர் கூடினால் அந்த விளிம்புகள் திறக்கும், உள்ளே போனது வெளியே வர முடியாமல் மூடிக்கொள்ளும். கொஞ்சம் மேலே போனால் குழாய்க்குள் வரிசையாக வால்வுகள். இரண்டு வால்வுக்கு நடுவில் உள்ள துண்டு, நிமிடத்துக்குச் சில முறை தானே சுருங்கி, அடுத்த துண்டுக்குள் நீரைத் தள்ளும்.

இதற்கு மேல் உதவி செய்வது தசைகளும் மூச்சும். நடந்தால் கெண்டைக்கால் தசை குழாயை அழுத்தும். ஆழமாக மூச்சு இழுத்தால் மார்புக்குள் அழுத்தம் குறைந்து நிணநீர் மேல்நோக்கி வரும். நான் எந்தப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாலும் முதலில் மூச்சுப் பயிற்சியில் தொடங்குவது இதனால்தான். "காலுக்கு வந்தா மூச்சு விடச் சொல்றீங்களே" என்று சலித்துக்கொள்ளாதவர் இல்லை.

எல்லாக் குழாயும் கடைசியா எங்கதான் போய்ச் சேருது?

கழுத்தடியில், காறையெலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய சிரைகளில். ஆனால் இடமும் வலமும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கால்கள், வயிறு, இடது மார்பு, இடது கை, தலையின் இடதுபாதி எல்லாவற்றின் நிணநீரும் இடப்பக்கம் போய்ச் சேர்கிறது. வலது கை, வலது மார்பு, தலையின் வலதுபாதி மட்டும் வலப்பக்கம்.

இடப்பக்கத்துப் பெரிய குழாய்க்கு மார்பு நிணநாளம் என்று பெயர். மேல்வயிற்றில் முதுகெலும்புக்கு முன்னால் தொடங்கி, மார்பு வழியாக ஏறி, 40 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு இடது கழுத்தடிக்கு வரும். உள்ளே ஓடுவது பெரும்பாலும் வெளிறிய நீர் என்பதால் பழைய காலத்து மருத்துவர்களின் கண்ணில் இது எளிதில் படவில்லை. 1622-இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, சாப்பிட்டுச் சிறிது நேரமே ஆன நாயை அறுத்துப் பார்த்தபோது குடலைச் சுற்றிப் பால் வெள்ளைக் குழாய்களைக் கண்டார். பிரான்சின் ழான் பெக்கே 1651-இல் அவை மேலே எங்கே போகின்றன என்பதை வெளியிட்டார். இந்த இட வல வித்தியாசம் பின்னால் ஒரு கேள்விக்குப் பதிலாக வரும்.

முடிச்சு முடிச்சுங்கறாங்களே, அது எனக்கும் இருக்கா? நோய் வந்தாத்தானே வரும்?

நிணக்குழாய்களின் வழியில் சிறு வடிகட்டிகளாக இருப்பவைதான் இந்த நிணநீர் முடிச்சுகள். பிறந்த குழந்தைக்கும் உண்டு. ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 500 முதல் 600 வரை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குள், குடலைச் சுற்றி என்று கொத்துக் கொத்தாக இருக்கும். சாதாரணமாகச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை. அவரை விதை வடிவம். நிணநீர் பல குழாய்கள் வழியாக உள்ளே வந்து, குழிந்த பக்கத்தில் ஒன்றிரண்டு குழாய்கள் வழியாக வெளியேறும்.

உள்ளே நடப்பது சோதனை. வருகிற நீரில் கிருமியோ கிருமியின் துணுக்கோ இருந்தால் அங்கே தங்கியிருக்கும் விழுங்கு செல்கள் பிடித்துக்கொள்ளும். வெள்ளையணுக்களில் இரண்டு வகையான பி செல்கள் வெளிப்புறத்திலும் டி செல்கள் அதற்கு உள்ளேயும் தனித்தனிப் பகுதிகளில் காத்திருக்கும். தனக்குப் பொருந்தும் கிருமி வந்ததும் அந்தச் செல் பெருக ஆரம்பிக்கும். ஒன்று பலவாகும்போது முடிச்சு வீங்கும், உறை இழுபடும், வலிக்கும். நெறி கட்டுவது என்று நாம் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் அது நோயல்ல, நோயை எதிர்த்து வேலை நடப்பதன் அடையாளம்.

புண்ணு கால் விரல்ல. நெறி எதுக்குத் தொடை இடுக்குல கட்டணும்?

கால் விரலின் நிணநீர் மேலே ஏறும்போது தொடை இடுக்கு முடிச்சுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கை, மார்பகம், மேல்முதுகு அக்குளுக்குப் போகும். கால், இடுப்புக்குக் கீழுள்ள தோல், பிறப்புறுப்பின் வெளித்தோல், ஆசனவாயின் கீழ்ப்பகுதி தொடை இடுக்குக்கு. பல், ஈறு, நாக்கு தாடைக்கு அடியில். தலைப்பேன் தொல்லையால் சொறிந்து புண்ணான குழந்தைக்குப் பின்மண்டையிலும் பிடரியிலும் நெறி கட்டும். அதனால் நெறியைக் கண்டதும் அதையே தடவிக்கொண்டிராமல், அந்த இடத்துக்கு எங்கிருந்து நிணநீர் வருகிறது என்று தேடுங்கள். நான்காவது, ஐந்தாவது கால்விரல்களை விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருக்கும். கிருமிக்கு அந்த வழி போதும்.

இந்த ஊருக்கு இதில் ஒரு கசப்பான பழைய கதை உண்டு. 1896-இல் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்த பிளேக், எலித் தெள்ளு கடித்த இடத்திலிருந்து நிணக்குழாய் வழியாக ஏறித் தொடை இடுக்கிலும் அக்குளிலும் பெரிய கட்டியாக நிற்கும். ரயில் பயணிகளை இறக்கி அக்குளையும் இடுக்கையும் தடவிச் சோதித்தார்கள். பெண்களுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! அந்த நோய்க்கு வால்டெமர் ஹாஃப்கின் இங்கேயே தடுப்பூசி செய்து, 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் இருக்கும் ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போட்டா கரையுமா? உருவி விடலாமா?

பத்து தோலோடு நின்றுவிடும். சுண்ணாம்பு தோலை வேகவைத்து இன்னொரு புண்ணைத்தான் தரும். உருவவே கூடாது. காரணமான புண்ணுக்கு மருந்து போடுங்கள், நெறி இரண்டு மூன்று வாரத்தில் தானாக அமரும்.

மழைத்தண்ணியில நடந்து வந்தேன். மறுநாள் கால்ல செவப்பா ஒரு கோடு மேல ஏறுது. விஷம் ஏறுதுங்கறாங்க…

விஷமில்லை, ஆனால் அவசரம்தான். கிருமி நிணக்குழாய்க்குள் புகுந்து குழாயே அழன்றுபோனால் அது தோலுக்கு அடியில் சிவப்புக் கோடாகத் தெரியும். சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்களுக்கு, விரலிடுக்கு வெடிப்பு வழியாக இது சட்டென்று வரும். குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ரத்தத்தில் கலந்துவிடலாம். கோட்டின் மேல்முனையில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டு நேரத்தையும் எழுதிக்கொண்டு போனால், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று டாக்டருக்குத் தெரியும்.

வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு இடது அக்குள்ல உருண்டையா இருக்கு. பொறந்தப்போ ஊசி போட்டதோட சரி, வேற ஒண்ணும் இல்ல.

பெரும்பாலும் அந்த ஊசிதான். பிறந்ததும் இடது கையில் போடும் பிசிஜி என்ற டிபி தடுப்பூசியில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி இருக்கிறது. அது எல்லைப்படி இடது அக்குள் முடிச்சுக்குப் போகும். சிறியதாக, தோல் சிவக்காமல் இருந்தால் மருந்தே தேவையில்லை, சில மாதங்களில் சுருங்கும். மெத்தென்று ஆகி, மேல்தோல் சிவந்து மெலிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார். வீட்டில் பிதுக்க வேண்டாம்.

பையனுக்கு வருஷம் பூரா டான்சில். எடுத்துட்டா எதிர்ப்புச் சக்தி போயிடும்னு மாமியார் விட மாட்டேங்கறாங்க.

டான்சிலும் நிணத் திசுதான். வாய், மூக்கு வழியாக உள்ளே போவதைச் சோதிக்கத் தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்திருக்கிறது. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டும் அதில் ஒன்று. ஐந்தாறு வயதில் பெரிதாக இருப்பது இயல்பு, வளர வளரச் சுருங்கும். எடுத்த பிறகும் வளையத்தின் மற்ற பகுதிகளும், கழுத்து முடிச்சுகளும், குடல் சுவரில் உள்ள நிணத் திட்டுகளும் வேலையைத் தொடரும். உங்கள் மாமியார் பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகாது.

அதற்காகச் சளி பிடித்த ஒவ்வொரு முறையும் எடுக்கச் சொல்லக் கூடாது. ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3 முறை, காய்ச்சலோடு சரியான தொண்டை அழற்சி வந்திருந்தால் யோசிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. தூக்கத்தில் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்றால் கணக்கு வேறு. எண்ணிக்கை பார்க்காமல் காதுமூக்குத்தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மண்ணீரலும் இந்தக் கூட்டம்தானா? மலேரியா வந்தப்போ வீங்கியிருக்குன்னு சொன்னாங்க.

ஆமாம், ஆனால் அது வடிகட்டுவது நிணநீரை அல்ல, ரத்தத்தை. இடது விலாவுக்கு அடியில் 150 கிராம் எடையில் இருக்கிறது. வயதான சிவப்பணுக்களை எடுத்து உடைப்பது ஒரு பகுதி, கிருமியை எதிர்க்கும் செல்கள் இருப்பது இன்னொரு பகுதி. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் ஒளிந்திருப்பதால் மண்ணீரலுக்கு வேலை பல மடங்காகி வீங்கும். வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் கிழியும். காய்ச்சல் விட்டதும் மைதானத்துக்குக் கிரிக்கெட் ஆட ஓடுகிற பையன்களைக் கொஞ்சம் நாள் கட்டிப்போடுங்கள்.

விபத்தில் மண்ணீரலை எடுத்தவர்கள் உயிரோடு நன்றாகவே இருக்கலாம். ஆனால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் போன்ற சில கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

குழந்தையோட எக்ஸ்ரேயில தைமஸ் பெருசா இருக்காம். ஆபரேஷன் பண்ணணுமா?

பெரும்பாலும் வேண்டாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் குழந்தைகளுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் டி செல்கள் தேறி வரும் இடம் அது. பருவ வயதுக்குப் பிறகு கொழுப்பாகிச் சுருங்கும். அதற்கு என்ன வேலை என்பதே 1961-இல் ழாக் மில்லர் குட்டி எலிகளில் அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சாப்பிடுற எண்ணெய் நேரா நிணநீர்ல போகுதாமே, நிஜமா?

நிஜம். சர்க்கரையும் புரதமும் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் வழியாகப் போகும். நெய், எண்ணெயில் உள்ள நீளமான கொழுப்பு, நிணக்குழாய்க்குள் புகுந்து, முன்னே சொன்ன மார்பு நிணநாளம் வழியாகக் கழுத்துச் சிரைக்கு வந்துதான் ரத்தத்தில் கலக்கும். அசெல்லி பார்த்த பால் வெள்ளை அதுதான், கொழுப்பு கலந்த நிணநீர்.

சிலருக்கு விருந்து சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் பால் போலப் போகும். குடலிலிருந்து வரும் நிணநீர் வழியில் அடைபட்டுச் சிறுநீர்ப் பாதைக்குள் கசிவதால் வருவது. நம் நாட்டில் பெரும்பாலும் யானைக்கால் புழுதான் காரணம். வெட்கப்பட்டு மறைக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்த நெறிக்குப் பயப்படணும், எதை விட்டுடலாம்?

வலியோடு திடீரென்று வந்து, பக்கத்தில் புண்ணோ பல்வலியோ தொண்டைவலியோ இருந்து, மூன்று நான்கு வாரத்துக்குள் குறைகிற நெறியை விட்டுவிடலாம். வலியே இல்லாமல் மெல்ல வளர்வது, கல் போல இறுகி அசையாமல் இருப்பது, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது, ஒரு மாதமாகியும் குறையாதது ஆகியவற்றைக் காட்ட வேண்டும். காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் எவ்வளவு சிறியது தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும். மாலைக் காய்ச்சல், படுக்கை நனையும் அளவுக்கு இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது சேர்ந்தால் காத்திருக்கவே வேண்டாம். டிபியும் லிம்போமா என்ற நிணப் புற்றும் இரண்டுமே இப்படித்தான் தொடங்கும். வலிக்காத கட்டிதான் ஆபத்து குறைந்தது என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். பல நேரம் அது நேர்மாறு.

ஊசி குத்தினா நோய் உடம்பு பூரா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க. குத்தலாமா?

குத்தலாம். முடிச்சில் மெல்லிய ஊசி போடுவதால் நோய் பரவுவதில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் கெடுவதுதான் அதிகம். ஊசியில் வந்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், டிபி சந்தேகம் என்றால் அதே திரவத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் செய்வார்கள். லிம்போமா சந்தேகமென்றால் ஊசி போதாது. முடிச்சின் உள்ளமைப்பு முழுதாகத் தெரிய வேண்டும் என்பதால் ஒன்றை அப்படியே வெட்டி எடுப்பார்கள். "ஒரு தடவை குத்திட்டு மறுபடி வெட்டணுங்கறாங்களே" என்று கோபப்பட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று இருந்தால் நல்ல செய்தி. முடிச்சு எதற்கோ பதில் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழுத்துல டிபின்னு வந்திருக்கு. சிவ்ரியில கொண்டு போய்ப் படுக்க வைப்பாங்களா? வீட்ல எல்லாருக்கும் ஒட்டுமா?

சிவ்ரி டிபி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே 6 மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். அரசுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நுரையீரலில் இல்லாமல் முடிச்சில் மட்டும் இருக்கும் டிபி, இருமலில் பரவாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பது வீண் வேதனை. நுரையீரல் சுத்தமா என்று எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு மாத்திரை தொடங்கிய பிறகு கட்டி இன்னும் பெரிதாகும், புதிதாக ஒன்று கிளம்பும். செத்த கிருமியின் துணுக்குகளை உடம்பு பலமாக எதிர்ப்பதால் இப்படி ஆகலாம். மருந்து கேட்கவில்லை என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கு அடங்காத டிபியா என்பதை அவர்தான் சோதித்துப் பிரித்துச் சொல்ல முடியும்.

அப்பாவுக்கு வயித்துல கேன்சர். முதல்ல கட்டி தெரிஞ்சது இடது கழுத்துல. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாக் குழாயும் எங்கே சேருகிறது என்ற பதிலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். வயிற்றின் நிணநீர் முழுக்க இடது கழுத்தடிக்குத்தான் வருகிறது. புற்றுச் செல்கள் அந்த நீரோடு வந்து, வாசலில் இருக்கும் முடிச்சில் தங்கி வளரும். ருடால்ஃப் ஃபிர்கோ இதைக் கவனித்து எழுதியதால் அந்த இடது முடிச்சு அவர் பெயராலேயே வழங்குகிறது. காறையெலும்புக் குழிக்கு அளவு பார்க்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

மார்புல கட்டி. அக்குளை எதுக்கு அறுத்தாங்க? இப்போ கை தூண் மாதிரி ஆயிடுச்சு.

மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்குப் போவதால், புற்று அங்கே எட்டியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தைத் தீர்மானிக்க முடியும். முன்பெல்லாம் அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுப்பார்கள். இப்போது ஆரம்ப நிலை என்றால் நீலச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அவை சுத்தமென்றால் மற்றதைத் தொடுவதில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போனால் பதற வேண்டாம், அந்தச் சாயம்தான்.

முடிச்சுகளும் குழாய்களும் போனபின், கதிர்வீச்சால் மிச்சமும் இறுகியபின், கையின் நிணநீருக்குப் போக வழி குறைகிறது. புரதம் தேங்கித் தண்ணீரை இழுக்கிறது. மாதக்கணக்கில் விட்டால் அங்கே கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டியாகிவிடும். தொடக்கத்தில் மோதிரமும் வளையலும் இறுகும், ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். அப்போதே வந்துவிட்டால் வேலை சுலபம். விரல் விரலாகத் தொடங்கி, பஞ்சு வைத்து, அதிகம் இழுபடாத துணிக்கட்டைப் பல அடுக்காகத் தோள் வரை சுற்றுவோம். கட்டு விரல் பக்கம் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். கட்டோடுதான் கையை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். சுற்றளவு குறைந்து நிலைத்ததும் அளவெடுத்த அழுத்த உறைக்கு மாறலாம். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு கிரேப் கட்டை வீட்டில் சுற்றிக்கொண்டு, முழங்கைக்கு மேலே பள்ளம் விழ வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது உதவாது, கெடுக்கும்.

அந்தக் கையில பிபி பாக்கலாமா? சமையல் பண்ணலாமா? தூக்கவே கூடாதுன்னு மகள் சொல்றா.

மறுகை இருக்கும்போது ஊசியும் பிபியும் அதில் போகட்டும். எப்போதாவது ஒருமுறை இந்தக் கையில் பிபி பார்த்துவிட்டால் குடி முழுகாது, இப்போதைய ஆய்வுகள் அந்தப் பயத்தை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. கையைச் சும்மா வைத்திருப்பதுதான் தப்பு. தசை வேலை செய்தால்தான் நிணநீர் நகரும், இரண்டாவது கேள்வியில் சொன்னேனே. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கலாம். சப்பாத்திக்கல் சூடு, கத்தி, மீன் முள், கொசுக்கடி இவற்றில்தான் கவனம் வேண்டும். சிறு காயமும் சிவந்த வீக்கமாக மாறும், ஒவ்வொரு முறை அப்படி ஆகும்போதும் மிஞ்சியிருக்கும் குழாய்களில் சில கெடும்.

யானைக்காலுக்கு ராத்திரியில வந்து ரத்தம் எடுக்கறாங்களே, பகல்ல எடுத்தா என்ன?

பகலில் எடுத்தால் புழு சிக்காது. பெரிய புழுக்கள் நிணக்குழாய்க்குள் 6 முதல் 8 வருடம் குடியிருக்கும். அவை இடும் குட்டிகள் பகலில் நுரையீரல் போன்ற உள் உறுப்புகளின் ரத்தக் குழாய்களில் தங்கி, இரவு பத்து மணிக்கு மேல் வெளி ரத்தத்துக்கு வரும். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877-இல் பேட்ரிக் மேன்சன் கண்டார்.

மகாராஷ்டிரத்தில் விதர்பாப் பக்கம் இந்த நோய் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வீடு தேடி மாத்திரை கொடுத்தால், கால் நன்றாக இருந்தாலும் விழுங்குங்கள். வீங்கிய கால் மாத்திரையால் மட்டும் சுருங்காது, கெட்டுப்போன குழாயை அது சரிசெய்யாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, வெடிப்புக்கு மருந்து போட்டு, காலை உயர்த்தி வைத்தால், மாதம் தவறாமல் வரும் குளிர்காய்ச்சல் நிற்கும். வீக்கம் ஏறுவதும் அதோடு நிற்கும். ஆண்களுக்கு விரை வீக்கமாகவும் இது வரும், அதற்கு ஆபரேஷன் உண்டு.

எனக்கு ரெண்டு காலும் வீங்குது. நிணநீர் அடைப்பா? தண்ணி மாத்திரை போட்டா போயிடுமா?

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் முதலில் இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை, பிபி மாத்திரையின் பக்கவிளைவு இவற்றைப் பார்க்க வேண்டும். இதயம் தளர்ந்தால் சிரைகளில் அழுத்தம் ஏறும். நிணநீர் போய்ச் சேர வேண்டிய இடமும் சிரைதானே. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது இந்த ஊர் நாலாக்களின், அதாவது பெரிய வடிகால்களின் தண்ணீர் கடலுக்குள் இறங்காமல் தெருவில் நிற்கிறதே, அதே நிலைமைதான். அதற்குத் தண்ணி மாத்திரை கேட்கும். நிணநீர் வீக்கத்துக்குக் கேட்காது, ஏனென்றால் தண்ணீர் போனாலும் புரதம் அங்கேயே இருந்து மறுபடி இழுக்கும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரண்டாவது கால்விரலின் அடிப்பகுதியில், மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பாக எழும்பினால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆரம்பத்தில் மட்டும் இது ஏமாற்றும். தடித்துப் பிடிபடவே இல்லையென்றால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனை.

பார்லர்ல நிணநீர் மசாஜ்னு மூவாயிரம் வாங்கறாங்க. உடம்புல இருக்கிற நச்செல்லாம் போயிடுமாமே?

நச்சைப் பிரித்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். நிணநீர் திரும்ப ரத்தத்துக்குத்தான் போகிறது, வெளியே எங்கும் போவதில்லை. முகத்து உப்பல் சில மணி நேரம் குறையும், அவ்வளவே. நிணநீர் வீக்கத்துக்கு நாங்கள் செய்வதும் கையால் செய்வதுதான். ஆனால் அது தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுவது. முதலில் நல்ல பக்கத்தைத் தூண்டி, பிறகு வீங்கிய பக்கத்திலிருந்து நீரை அங்கே ஓட்டுவோம். அழுத்தித் தேய்ப்பது இதில் இல்லை, கட்டுப் போடாமல் அது மட்டும் நிற்கவும் நிற்காது. காய்ச்சலோடு சிவந்த கால், புதிதாக ரத்தம் உறைந்த கால், தளர்ந்த இதயம் உள்ளவர்களுக்குச் செய்யவே கூடாது. பார்லரில் இதையெல்லாம் கேட்டுவிட்டா தொடங்குகிறார்கள்?

நர்சிங் படிக்கிறேன்கா. மூளையில நிணக்குழாய் இல்லைன்னு பழைய நோட்ஸ்ல இருக்கு, இருக்குன்னு மிஸ் சொல்றாங்க. பரீட்சையில எதை எழுத?

மிஸ் சொல்வதை எழுது. மூளைத் திசுவுக்குள் வழக்கமான நிணக்குழாய் இல்லை என்பது இன்றும் சரி. ஆனால் மூளையை மூடியிருக்கும் உறையில் இருக்கிறது. பவோலோ மஸ்காக்னி 1787-லேயே வரைந்து காட்டினார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2015-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எலிகளில் உறுதி செய்தன. பிறகு மனிதர்களிடமும் பார்த்தார்கள். அங்கிருந்து வரும் நீர் கழுத்தின் ஆழத்தில் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. நிணக்குழாய் இல்லாத இடங்களைக் கேட்டால் கண்ணின் கருவிழி, குருத்தெலும்பு, தோலின் மேலடுக்கு என்று எழுதலாம், அதில் சண்டை வராது.